எருமை நுழைந்த மனு

நீலாம்பாள் கொடுத்த மனுவில் மொத்தம் ஐந்து வாக்கியங்கள். அவற்றில் நான்கு இலக்கியம் என்று அரசாங்கம் கண்டுபிடித்தது.

அவளுக்கு இலக்கியம் எழுதும் உத்தேசம் எதுவும் இல்லை. செம்பியன்படுகையில் ஆறு மா நிலம், ஏக்கர் கணக்கில் இரண்டு, அதன் மூலையில் ஒரு நாற்றங்கால், அதில் பதினெட்டு நாள் வயதான சம்பா நாற்று. அன்றைக்கு அவள் மனதில் இருந்தது இவ்வளவுதான். மாமனார் காலம் வரை அந்த வீட்டில் எல்லாரும் அடுத்தவர் வயலில் இறங்கியவர்கள். இந்த ஆறு மா, அவள் கணவன் ரெத்தினம் பதினோரு வருஷம் குவைத்தில் கிரேன் ஓட்டி வாங்கியது. அவன் இன்னும் அங்கேதான் ஓட்டிக்கொண்டிருக்கிறான். இங்கே உழவு, நடவு, உரம், சண்டை எல்லாம் நீலாம்பாள் பொறுப்பு.

நாற்றை முப்பத்தைந்து நாளுக்குள் பிடுங்கி நட்டுவிட வேண்டும். அதற்கு மேல் போனால் முற்றிவிடும். முற்றின நாற்று கிளைத்துத் தூர் கட்டாது, அந்த வருஷத்து விளைச்சலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம். நடுவதற்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் வாய்க்காலில் வந்தது, வயலுக்கு வரவில்லை. ஏனென்றால் ஊர் எல்லையில் இருக்கும் மதகின் இரும்புக் கதவு துருப்பிடித்து விழுந்துவிட்டது. கதவு இருந்தால் தண்ணீர் அங்கே தேங்கி, மட்டம் ஏறி, வயல் பக்கம் திரும்பும். கதவு இல்லாததால் நேராக வடிகாலில் இறங்கிக் கடலைப் பார்க்கப் போய்விடும். இதைத்தான் அவள் தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தாள்:

‘செம்பியன்படுகை மதகின் கதவு உடைந்துவிட்டது. ஓட்டை வழியாக எருமை போய் வருகிறது. வாய்க்காலில் வரும் தண்ணீர் எங்கள் வயலை எட்டிப் பார்த்துவிட்டு வடிகாலில் போய்விடுகிறது. நாற்றங்காலில் நாற்று காத்துக்கொண்டிருக்கிறது. கதவு போட்டுத் தரவும்.’

மூன்றாம் நாள் மனு திரும்பி வந்தது. மேலே ஒரு மஞ்சள் சீட்டு குத்தியிருந்தது: ‘அணிச் சான்றும் தொனிச் சான்றும் இணைக்கப்படவில்லை.’

நீலாம்பாள் சீட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறித் தஞ்சாவூருக்கு வந்தாள். மனு கொடுத்த அலுவலக வாசலில் புங்கமரத்தடியில் இருபது வருஷமாக மேஜை போட்டு மனு எழுதிக் கொடுக்கும் ஜெய்னுலாபுதீனிடம் நீட்டினாள்.

“பாய், ஏதோ அணின்னு போட்டுருக்கு. நான் கட்சியிலெல்லாம் இல்லீங்களே. மகளிரணியில கூட கூப்புட்டாங்க, போவல.”

“அது இல்ல தங்கச்சி,” என்றார் அவர். “உவமை, உருவகம்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே, அந்த அணி. எந்த மனுவா இருந்தாலும் இப்ப தொனி ஆபீஸ் பாத்துச் சான்று குடுத்தாத்தான் உள்ள எடுப்பாங்க.”

அந்த ஆபீஸ் பிறந்த கதையையும் அவரே சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய அதிகாரிக்கு ஒரு கடிதம் வந்தது. ‘தங்கள் பொற்காலத்தில் எங்கள் தெருப் பள்ளங்கள் நீச்சல் குளங்களாகி, பிள்ளைகள் கட்டணமின்றி நீந்தப் பழகுகிறார்கள். தங்கள் புகழ் வாழ்க’ என்று அதில் எழுதியிருந்தது. அதிகாரி நெகிழ்ந்துபோனார். அதைச் சட்டம் போட்டுத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார். எட்டு மாதம் வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார். ஒன்பதாம் மாதம் மேலிடத்திலிருந்து வந்த ஒருவர் அதைப் படித்துவிட்டுத் தண்ணீர் குடிக்க முடியாமல் சிரித்தார். மறுவாரமே ஆணை வந்தது. இனி எந்த மனுவும் என்ன அணியில் இருக்கிறது, என்ன தொனியில் இருக்கிறது என்று தெரியாமல் எந்த அதிகாரியும் கையால் தொடக்கூடாது. ‘மனுக்களில் அணியும் தொனியும் கண்டறியும் மையம்’ அப்படித்தான் தொடங்கப்பட்டது. அதற்கு இதே வளாகத்தில் இரண்டு மாடி, ஒரு லிப்ட்.

“அதுக்குப் பள்ளத்த மூடியிருக்கலாமே பாய்.”

“பள்ளம் இன்னும் அங்கதான் இருக்கு,” என்றார் ஜெய்னுலாபுதீன்.

மனுவை மையத்தில் கொடுத்தவளை மறுநாள் கூப்பிட்டு உட்காரவைத்தவர் அதன் இயக்குநர் முனைவர் புகழேந்தி. சிரித்த முகம், கஞ்சி போட்ட சட்டை, பையில் நாலு நிறத்தில் பேனா. பக்கத்தில் மடிக்கணினியோடு உதவியாளர் மதிவதனி. தமிழில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிவிட்டுத் தற்காலிகப் பணியில் இருந்த பெண். அவள் முன்னால் ஒரு நீளமான படிவம் இருந்தது. உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம், உயர்வு நவிற்சி, வஞ்சப்புகழ்ச்சி என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசிக் கட்டம் இயல்பு நவிற்சி, அதாவது உள்ளதை உள்ளபடி சொல்வது. மையம் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கட்டத்தில் ஒரு டிக் கூட விழுந்ததில்லை.

“வாங்கம்மா, உக்காருங்க,” என்றார் புகழேந்தி. “உங்க மனுவ நேத்து ராத்திரி மூணு தடவ படிச்சேன். என்னமா எழுதியிருக்கீங்க! ‘தண்ணீர் எங்கள் வயலை எட்டிப் பார்த்துவிட்டு...’ அடடா. தண்ணீர் இயல்பா ஓடுது. அதுக்கு நீங்க ஒரு காரணம் கற்பிச்சு ஏத்துறீங்க. மதிவதனி, தற்குறிப்பேற்றம். பச்சைப் பேனா.”

“நான் ஒண்ணும் ஏத்தலைங்க சார். மேட்டுல ஏறத்தான் மாட்டேங்குது.”

“இந்த அடக்கம் இருக்கே, அதையும் குறிச்சுக்குங்க. சரி, முக்கியமான எடத்துக்கு வருவோம்.” புகழேந்தி கதவைச் சாத்தச் சொன்னார். குரலைத் தாழ்த்தினார். “அந்த எருமை யாரு?”

நீலாம்பாள் விழித்தாள்.

“பயப்படாதீங்க. இங்க சொன்னா வெளிய போவாது. எருமைன்னு நீங்க குறிப்பா யாரச் சொல்றீங்க? பாசனப் பொறியாளரையா? இல்ல, அதுக்கு மேலயா?”

“பக்கத்து வீட்டு எருமைங்க.”

“பேரு?”

“லெட்சுமி.”

புகழேந்தி நாற்காலியில் சாய்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். “செல்வம்,” என்றார். “ஓட்டை வழியா வெளியேறுற செல்வம். எழுதுங்க மதிவதனி, குறியீடு. சிவப்புப் பேனா.”

“சார், அது நெஜமாவே தெனம் போயிட்டு வருதுங்க. அந்தப் பக்கம் புல்லு நல்லா இருக்கு.”

“இல்லம்மா, ஒரு எருமை நுழையுற அளவுக்கு அரசு மதகுல ஓட்டை இருக்க வாய்ப்பே இல்ல. அப்ப அது ஒண்ணு உயர்வு நவிற்சியா இருக்கணும், இல்ல குறியீடா இருக்கணும். குறியீடுன்னா உங்களுக்கு மரியாதை. நான் ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“நீங்க ஒருதடவ வந்து பாத்தீங்கன்னா...”

“அய்யய்யோ!” பதறிவிட்டார். “பாத்தா ரசனை கெட்டுப்போயிரும். கள ஆய்வு எங்க விதியிலேயே கெடையாது. பாருங்கம்மா, குறைய தீர்க்கிறது வேற துறை. நாங்க குறைய ரசிக்கிற துறை.”

மதிவதனி தலை நிமிரவில்லை. ஆனால் தட்டச்சு செய்யும் விரல்கள் ஒரு நொடி நின்றுவிட்டு ஓடின.

நாற்றுக்கு இருபத்துநாலு நாள் ஆனபோது சான்று கிடைத்தது. தங்க நிற ஓரம் போட்ட கெட்டித் தாள். ‘மனுவின் தொனி: ஏக்கம். நாற்று காத்திருத்தல்: பிரிவுத் துயர் கொண்ட தலைவியின் சாயல். மதகு: படிமம். எருமை: குறியீடு. ஐந்தாம் வாக்கியத்தில் நயம் குறைவு, மனுதாரர் தவிர்த்திருக்கலாம்.’

கதவு போடச் சொல்லிக் கேட்டது அந்த ஐந்தாம் வாக்கியம்தான்.

நீலாம்பாள் சான்றோடு பாசன உதவிப் பொறியாளரிடம் போனாள். அவர் நல்ல மனிதர். மின்விசிறிக்குக் கீழே தாளைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

“மதகுன்னா நான் நாளைக்கே ஆள் அனுப்பிருவேம்மா. இதுல படிமம்னு போட்டுருக்காங்க. படிமத்துக்கு நான் வெல்டிங் வச்சா நாளைக்குத் தணிக்கையில கேப்பாங்க. என் பென்ஷன் போயிரும்.”

“சார், ஒங்களுக்கே தெரியும், போன வருஷம் அந்த மதகு மேல நின்னுதான போட்டோ எடுத்துக்கிட்டீங்க.”

“தெரியும். ஆனா ஆபீசுக்குத் தெரியாதே.”

அன்று சாயங்காலம் ஊர் திரும்பியவள் குளத்திலிருந்து குடம் குடமாகத் தூக்கி நாற்றங்காலுக்கு ஊற்றினாள். நாற்று பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் உயரம் போய்க்கொண்டே இருந்தது. ஒன்றைப் பிடித்து விரலால் அளந்துவிட்டு, மிச்சமிருந்த நாளை எண்ணினாள்.

மறுநாள் இரண்டாவது மனு எழுதினாள். இந்த முறை எருமையை விரட்டிவிட்டாள். எட்டிப் பார்த்தலையும் எடுத்துவிட்டாள். அணி எதுவும் ஒட்டாதபடி, தாளைத் துடைத்து வைத்ததுபோல் மூன்றே வரி:

‘மதகுக்குக் கதவு இல்லை.
வயலுக்குத் தண்ணீர் இல்லை.
நாற்று முற்றுகிறது.’

நான்காம் நாள் மையத்திலிருந்து காரே வந்துவிட்டது. ஊர் திரண்டு நின்று பார்த்தது. புகழேந்தி அனுப்பிய கடிதத்தில், இந்த ஆண்டு மையத்துக்கு வந்த பதினோராயிரம் மனுக்களில் தலைசிறந்த புதுக்கவிதையாக நீலாம்பாளின் மனு தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதாகவும், அன்று மாலை விழா என்றும் இருந்தது. விழாவுக்குப் பொறியாளரும் வருவார் என்று ஓட்டுநர் சொன்னதால் அவள் ஏறினாள்.

மையத்து மேடையில் அவளுடைய மூன்று வரியைப் பெரிய பேனரில் அடித்து மாட்டியிருந்தார்கள். வரிகளுக்குப் பின்னால் ஒரு தாமரைக் குளம். புகழேந்தி முக்கால் மணி நேரம் பேசினார்.

“கதவு இல்லை, தண்ணீர் இல்லை. இரண்டு இல்லைகள்! இரண்டு இல்லாமைகளுக்குப் பிறகு ஒரு முற்றுதல். முற்றுகிறது என்று முடிக்கிறார், பாருங்கள், ஆனால் எதுவும் முடியவில்லை. நான் கேட்கிறேன். இந்த அம்மையாரின் மதகுக்குச் சரியான நேரத்தில் கதவு போட்டிருந்தால், தமிழுக்கு இந்தக் கவிதை கிடைத்திருக்குமா? நிர்வாகம் தன் கடமையைச் செய்யாமல் இருந்ததால் அல்லவா இந்தப் பொக்கிஷம் விளைந்தது! ஆகவே அந்த மதகை இதே நிலையில் பாதுகாக்க வேண்டும் என்று இந்த மேடையிலேயே பொறியாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பொறியாளர் எழுந்து, நிச்சயம் பாதுகாப்போம் என்று கும்பிட்டார். நீலாம்பாளுக்குப் பொன்னாடை போர்த்தி ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள்.

“தண்ணி வரலைங்க,” என்றாள் அவள்.

கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் ஒருவர், “என்ன எளிமை!” என்றார்.

“அய்யா, நெஜமாவே வரலைங்க.”

“ஆகா, திரும்பக் கூறல்!” என்றார் அதே ஆள். கைதட்டல் இரண்டு மடங்காயிற்று.

நீலாம்பாளுக்கு அழுகை வந்தது. அழுதால் அதற்கும் ஒரு பெயர் வைத்துவிடுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

வெளியே புங்கமரத்தடியில் ஜெய்னுலாபுதீன் மேஜையை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். அவள் பொன்னாடையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கியபடி எதிரே உட்கார்ந்தாள்.  பிறகு கேட்டாள்.

“பாய், அந்தச் சட்டம் போட்டு மாட்டுன கடுதாசி... அதுல ஒருத்தரையும் திட்டலையே?”

“திட்டல. வாழ்கன்னுதான் எழுதியிருந்தான்.”

“அதுக்குத்தான் ரெண்டு மாடி கட்டினாங்க.”

“ஆமா.”

“அப்ப தாள எடுங்க. இந்தத் தடவ நீங்களே எழுதுங்க, நான் சொல்றேன். எங்கள் மதகு நன்றாக இருக்கிறது.”

ஜெய்னுலாபுதீன் பேனாவை நிறுத்தினார்.

“எழுதுங்க பாய். வயலுக்குத் தண்ணீர் தேவையான அளவு வருகிறது. அதிகாரிகள் எல்லாரும் நல்லவர்கள்.”

“கடைசி வரி பொய்யில்லையா தங்கச்சி?”

“மொத ரெண்டு மட்டும்?”

அவர் பேனாவை மறுபடி தாளில் வைத்தார். பிறகு இருபது வருஷத்தில் எழுதாத அழகான கையெழுத்தில் அதை எழுதி முடித்தார். அதற்குக் கூலி வாங்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

மனு மறுநாள் காலை பதினோரு மணிக்கு மையத்துக்குப் போனது. பதினொன்றேகாலுக்கு இரண்டு மாடியிலும் மணி அடித்தது. புகழேந்தி முகம் வெளுத்துப்போய் லிப்டுக்குக் காத்திராமல் படியில் ஓடி இறங்கியதை ஜெய்னுலாபுதீனே பார்த்தார். சான்றில் கறுப்புப் பேனாவில் ஒரே வரி: ‘வஞ்சப்புகழ்ச்சி. மிக ஆபத்தான வகை. ஒரு சொல்லில் கூடக் குத்தல் வெளியே தெரியவில்லை.’ அந்த மாதிரி மனு பத்திரிகைக்காரர் கையில் சிக்குவதற்குள் குத்தலுக்குக் காரணமான குறையையே அழித்துவிட வேண்டும் என்பது மையத்தின் விதி. அவர்களிடம் இருந்த விதிகளிலேயே உருப்படியான விதி அது ஒன்றுதான்.

நாற்றுக்கு முப்பத்திரண்டாம் நாள் காலையில் செம்பியன்படுகைக்குக் கதவு வந்து இறங்கியது. புத்தம்புது இரும்பு, பச்சை வர்ணம், திருகித் தூக்க ஒரு சக்கரம். சாயங்காலத்துக்குள் மாட்டிவிட்டார்கள். லெட்சுமி வழக்கம்போல் வந்து, கதவை முட்டிப் பார்த்துவிட்டு, திகைத்து நின்றது. தண்ணீர் தேங்கி, மட்டம் ஏறி, இருட்டுவதற்குள் நீலாம்பாளின் வயல் பக்கம் திரும்பியது. அவள் வரப்பில் உட்கார்ந்து, தண்ணீர் வெடிப்புகளுக்குள் இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ரெத்தினத்துக்குப் போன் போட்டாள். அவன் கேட்கட்டும் என்று போனைத் தரையோடு பிடித்தாள். அந்த மனுஷன் அங்கே கிரேனில் உட்கார்ந்துகொண்டு அழுதான்.

இரண்டு நாளில் உழவு ஓடியது. முப்பத்துநாலாம் நாள் பன்னிரண்டு பெண்கள் நடவுக்கு இறங்கினார்கள். அன்றைக்குத்தான் மதிவதனி ஒரு கோப்போடு வந்தாள். வேலை முடிந்ததென்று மனுதாரர் சொந்தக் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தால்தான் கோப்பை மூட முடியும்.

சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நீலாம்பாள் சந்தோஷமாக எழுதினாள். ‘எங்கள் மதகு நன்றாக இருக்கிறது. வயலுக்குத் தண்ணீர் தேவையான அளவு வருகிறது. அதிகாரிகள் எல்லாரும் நல்லவர்கள்.’ மூன்றாவது வரியைக் கூட அன்றைக்கு அவள் மனதார எழுதினாள்.

மதிவதனி படித்துவிட்டு முகம் சுருங்கினாள். “அக்கா, வேற மாதிரி எழுதித் தாங்களேன்.”

“ஏன், உண்மைதானம்மா?”

“உண்மைதாங்க்கா. அதுதான் பயமா இருக்கு.”

“எழுதினது எழுதினதுதான். கொண்டு போம்மா, நடவு கெடக்கு.”

மறுநாள், முப்பத்தைந்தாம் நாள். நாலு மா நட்டாகிவிட்டது. மீதி இரண்டு மாவுக்குப் பிடுங்கிக் கட்டிய நாற்றுமுடி வரப்பில் வரிசையாக இருந்தது. பத்து மணிக்கு மதகடியில் ஒரு வேன் வந்து நின்றது. வெல்டிங் சாமானோடு நாலு ஆள், பொறியாளர், மதிவதனி, கடைசியாகப் புகழேந்தி. கள ஆய்வுக்கே வராதவர், குடை பிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

“என்ன சார்?” என்று நடவிலிருந்து ஏறி வந்தாள் நீலாம்பாள். வரப்பு அணைக்கப் போட்டிருந்த மண்வெட்டி கையோடு வந்தது.

“உங்க கடிதம் கிடைச்சுதும்மா. அதே மூணு வரி. அதே ஆளு. போன தடவை வஞ்சப்புகழ்ச்சின்னு சான்று குடுத்தாச்சு. ஒரு தடவ கண்டறிஞ்ச தொனிய மாத்த எங்களுக்கே அதிகாரம் கெடையாது. நன்றாக இருக்கிறதுன்னு நீங்க எழுதினா, நல்லா இல்லைன்னுதான் அர்த்தம்.” புகழேந்தி ஆட்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். “கதவக் கழட்டுங்கப்பா. எடுத்துட்டுப் போய்ச் சரிபண்ணி ரெண்டு மாசத்துல மாட்டிருவோம்.”

“சார், தண்ணி வருது பாருங்க. காலுக்குக் கீழ பாருங்க.”

“பாத்தா ரசனை கெட்டுரும்னு சொல்லியிருக்கேனே.” அவர் உண்மையாகவே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் அவர் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடியது.

வெல்டிங் ஆள் ஒருவன் குனிந்து முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தான்.

நீலாம்பாள் மதகு மேல் ஏறிக் கதவுக்கு முன்னால் நின்றாள். இத்தனை நாளாக உள்ளே அடக்கிவைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. “இந்தக் கதவு மேல எவனாவது கைய வச்சீங்க, இதே மண்வெட்டியால மொழங்காலோட வெட்டி வடிகால்ல விட்டுருவேன்!”

ஆள் ஸ்பேனரை எடுத்துவிட்டான். நடவுப் பெண்கள் பன்னிரண்டு பேரும் நிமிர்ந்து நின்றார்கள். பொறியாளர் மெதுவாக வேனுக்குப் பின்னால் நகர்ந்தார்.

புகழேந்திக்கு மட்டும் முகம் மலர்ந்தது. மதிவதனி கையிலிருந்த படிவத்தை வாங்கி, “உயர்வு நவிற்சி,” என்று சொல்லிக்கொண்டே நீலப் பேனாவால் டிக் போட்டார்.

நீலாம்பாள் மதகிலிருந்து இறங்கினாள். அவரை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள். மண்வெட்டி தோளுக்கு மேலே போய் நின்றது. அவள் கண் அவருடைய முழங்காலில் இருந்தது, அளவு பார்க்கிற மாதிரி.

புகழேந்தி மண்வெட்டியைப் பார்த்தார். தன் முழங்காலைப் பார்த்தார். மையம் தொடங்கிய பிறகு முதல்முறையாக ஒரு மனுவை அவர் நேரில் பார்த்துவிட்டார். போட்ட டிக்கின் மேல் கோடு கிழித்துவிட்டு, படிவத்தின் கடைசிக் கட்டத்தைத் தேடி இன்னொரு டிக் போட்டார். மதிவதனி எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஏறுங்கப்பா வண்டியில,” என்றார் அவர்.

“எழுதிட்டீங்களா சார்?” என்றாள் நீலாம்பாள், மண்வெட்டியை இறக்காமல்.

“எழுதிட்டேம்மா.”

“என்னன்னு?”

“இயல்பு நவிற்சின்னு. உள்ளத உள்ளபடி சொல்றீங்கன்னு அர்த்தம்.”

“மொத நாளு வேற என்னத்த சொன்னேன்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல், அவள் நாற்றுமுடியை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினாள்.